கால்சியம் குளோரைடைத் திறந்து வைத்தால் ஏன் தண்ணீராகிறது?

அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். மேலே வெள்ளை மணிகள் இருக்கும். சில வாரங்களில் அவை காணாமல் போய், அடியில் தண்ணீர் நிற்கும். அந்த மணிகள் பெரும்பாலும் கால்சியம் குளோரைடுதான். கால்சியம் என்ற உலோகமும் குளோரினும் சேர்ந்த உப்பு.

கால்சியம் அணு தன் வெளிவட்டத்தில் உள்ள 2 எலக்ட்ரான்களையும் விட்டுவிடும். குளோரின் அணுவுக்கு ஒன்றுதான் குறை. அதனால் ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரின். சுண்ணாம்புக்கல்லை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டாலும் இது கிடைக்கும். நுரைத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்.

சரி, ஈரத்தை ஏன் இழுக்கிறது? எலக்ட்ரான்களை இழந்த கால்சியத்தில் இரட்டை நேர்மின்சுமை இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின்சுமை கொண்டது. இரண்டும் விடாமல் ஒட்டிக்கொள்ளும். திண்மமாக இருக்கும்போதே ஒரு கால்சியத்தோடு 6 தண்ணீர் மூலக்கூறுகள் வரை சேரும். அப்படி ஒட்டும்போது வெப்பமும் வரும்: உலர்ந்த மணிகளைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் கையில் பிடித்த டம்ளர் சுட ஆரம்பிக்கும்.

துண்டும் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் துண்டாகவே இருக்கும். இதுவோ தான் இழுத்த தண்ணீரிலேயே கரைந்துவிடும்.

பலர் நினைப்பதுபோல மணிகள் உருகுவதில்லை. உலர்ந்த கால்சியம் குளோரைடு உருக சுமார் 772 டிகிரி செல்சியஸ் வேண்டும். டப்பாவில் நிற்பது அடர்த்தியான உப்புக் கரைசல், வெறும் தண்ணீரும் அல்ல.