பேஜர் இருக்கும் வீடு

அன்புள்ள ஐயா,

வணக்கம். அழைப்பு வந்தால் ஓடும் தீயணைப்பு வேலையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை என் கணவர் இரண்டு முறை படித்தார். எனக்கும் படித்துக் காட்டினார். அப்போதே சந்தேகப்பட்டேன். இப்போது தானும் சேரப் போவதாகச் சொல்கிறார். பகலில் அவருக்கு அலுவலகம் இருக்கிறது. முழுநேர வேலை இல்லை, கூப்பிட்டால் மட்டும் போனால் போதும், அவசர மருத்துவ உதவிக்கும் பயிற்சி தருவார்கள் என்கிறார். எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகள். ஊரார் வீட்டுத் தீயை அணைக்க நீங்கள் ஏன் போக வேண்டும் என்று கேட்டால் பேச்சு சண்டையில் முடிகிறது. எனக்கு இரண்டு கேள்விகள்தான். இது எவ்வளவு ஆபத்தான வேலை? உங்கள் மனைவி எப்படிச் சம்மதித்தார்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வீட்டில் சண்டை மூட்டிவிட்டேன், மன்னிக்கவும். அந்தக் கட்டுரையை வண்டியில் ஏறிப் போகிறவனாகவே எழுதியிருக்கிறேன், வீட்டில் இருப்பவரை நினைக்கவே இல்லை என்பது உங்கள் கடிதத்தைப் படித்தபிறகுதான் உறைத்தது.

முதலில் தீயைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இந்த ஒன்பது ஆண்டுகளில் எரிகிற வீட்டுக்குள் நான் நுழைந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குளியலறையில் வழுக்கி விழுந்தவர், கவிழ்ந்த கார், அடுப்பை அணைக்க மறந்தவர் வீட்டில் அலறும் புகை அலாரம். பாதி வழியிலேயே ‘தேவையில்லை, திரும்புங்கள்’ என்று முடிந்துபோகும் அழைப்புகளும் நிறைய. உங்கள் கணவர் கற்கப் போகும் மருத்துவ உதவியும் டாக்டர் வேலை கிடையாது. ரத்தப்போக்கை நிறுத்துவது, மூச்சுப் பாதை அடையாமல் பார்த்துக்கொள்வது, ஆக்சிஜன் கொடுப்பது, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவது, ஷாக் கொடுக்கும் தானியங்கிக் கருவியைப் பொருத்துவது, ஆம்புலன்ஸ் வந்ததும் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது. அவ்வளவுதான்.

இவர் ஏன் போக வேண்டும் என்று கேட்கிறீர்கள். தூரம்தான் காரணம். இதயம் நின்றவருக்கு எதுவும் செய்யாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. இருபது நிமிடம் கழித்து வரும் நிபுணரைவிட ஐந்தாவது நிமிடம் வந்து நிற்கும் பக்கத்துத் தெருக்காரர்தான் அப்போது பெரிய ஆள். அழைப்புகள் குறைவாக வரும் இடங்களில் முழுநேரப் படை வைத்தால் கட்டுப்படியாகாது. அதனால்தான் ஜெர்மனியில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களாக இருக்கிறார்கள். சிலியில் படையே தன்னார்வலர்களுடையதுதான். அமெரிக்காவிலும் பெரும்பான்மை அவர்கள்தான். பெஞ்சமின் பிராங்க்ளின் 1736-இல் பிலடெல்பியாவில் தொடங்கியதும் அக்கம்பக்கத்தார் சேர்ந்த இப்படியொரு குழுதான். ஆளுக்குச் சில தோல் வாளிகளை வீட்டில் தயாராக வைத்திருப்பார்கள். அழைப்பு வந்தால் இடுப்பில் கத்தும் பேஜர் கருவியின் தொல்லை இல்லாத காலம்.

சரி, ஆபத்து. இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நெருப்பில் சிக்கிக்கொள்வதை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் பணியின்போது இறந்த வீரர்களின் கணக்கைப் பார்த்தால், பெரும்பாலான ஆண்டுகளில் மாரடைப்பு போன்ற இதயக் கோளாறுகள்தான் முதலிடத்தில் இருக்கின்றன. அசந்து தூங்கிக்கொண்டிருந்தவர், எழுந்த கால் மணி நேரத்தில், இருபது கிலோவுக்கு மேல் உடுப்பும் கருவியுமாகச் சுமந்துகொண்டு படியேறுகிறார். இதயம் என்ன பாடுபடும்? சேருவதற்கு முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும் உடற்தகுதித் தேர்வை மட்டும் நம்ப வேண்டாம். அதற்காக இரண்டு மாதம் ஓடிவிட்டு அப்புறம் சோஃபாவில் சாய்ந்தவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

அடுத்தது புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புப் பணியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகை இருக்கும் அதே பிரிவு. (சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் பிரிவு காட்டும். ஆபத்தும் சிகரெட் அளவுக்கு என்று எடுத்துக்கொண்டு பயந்துவிடாதீர்கள்.) கரியும் புகையும் மூச்சு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகும். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் கறாராக இருக்கலாம். அந்த உடுப்பு வீட்டுக்குள் வரக்கூடாது, காரிலும் வரக்கூடாது, நிலையத்தோடு சரி. குளித்துவிட்டுத்தான் மகளைத் தூக்க வேண்டும். பழைய ஆட்கள் சிலர் கரி படிந்த தலைக்கவசத்தைத் துடைக்காமல் பதக்கம் மாதிரி வைத்திருப்பார்கள். எனக்கு அந்தப் பெருமை பிடிப்பதில்லை.

நெருப்புக்குள் போவதற்குக் கட்டுப்பாடுகள் அதிகம். புதியவருக்கு மூச்சுக் கருவியை மாட்டி உடனே உள்ளே அனுப்பிவிடமாட்டார்கள், அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. தனியாக யாரும் நுழைவதில்லை. அரை மணி நேர சிலிண்டர் என்பார்கள், வேலை செய்து மூச்சு வாங்கினால் இருபது நிமிடம் தாங்குவதே பெரிது. காற்று குறைந்தால் அலாரம் கத்தும். அது கத்துவதற்குள் வெளியே வந்திருக்க வேண்டும். இதோடு தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சோஃபாவும் மெத்தையும் இப்போது ஃபோமும் பிளாஸ்டிக்குமாக இருப்பதால், ஓர் அறை ஐந்து நிமிடத்துக்குள்கூட முழுக்கப் பற்றிக்கொள்ளும். இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குங்கள். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் உயிரோடு இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது அதுதான், பேஜர்.

அது இடுப்பில் இருக்கும்போது நிலையத்திலிருந்து சில நிமிட தூரத்தைத் தாண்டிப் போக முடியாது. குடிக்க முடியாது. குழந்தையோடு தனியாக இருக்க முடியாது, ஏனென்றால் அழைப்பு வந்தால் குழந்தையை யாரிடம் விடுவது? ஆக அவர் பணியில் இருக்கும் நேரமெல்லாம் நீங்களும் பணியில்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அது கத்தினால் இருவருக்கும் தூக்கம் போகும். திரும்பி வந்தபிறகு அவருக்காவது சொல்வதற்கு ஒரு கதை இருக்கும்.

முதல் ஆண்டு நான் அதை அணைத்ததே இல்லை. ஒருநாள் மனைவிக்கு 103 டிகிரி காய்ச்சல், குழந்தை அழுதுகொண்டிருந்தது. பேஜர் கத்தியது, போய்விட்டேன். போன இடத்தில் ஒன்றுமில்லை, பொய் அலாரம். திரும்பி வந்ததும் மனைவி, “இங்கேயும் ஒரு நோயாளி இருந்தாள்” என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அந்த வாரமே வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த ராத்திரிகள், எந்த ஞாயிறு பேஜர் கிடையாது என்று எழுதி நிலையத்தில் கொடுத்தேன். அவர்கள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். கேட்டிருந்தால் முதல் நாளே ஒப்புக்கொண்டிருப்பார்கள். நான்தான் கேட்கவில்லை, நான் இல்லாமல் ஊரே எரிந்துவிடும் என்ற நினைப்பு. உங்கள் கணவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இருவரும் உட்கார்ந்து இந்த நேரக் கணக்கைப் பேசிவிடுங்கள்.

அவர் பேசாமல் வந்து உட்காரும் நாட்களும் வரும். நெஞ்சை அழுத்திப் பழகும் பொம்மைக்கு ஓர் அழகான முகம் உண்டு. பாரிஸில் சேன் ஆற்றில் கிடைத்த பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகம் என்பார்கள். அந்த முகத்தை வைத்து 1960 வாக்கில் நார்வேக்காரர் ஒருவர் செய்த பொம்மை. அதில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தினால் சரியாக ‘க்ளிக்’ என்று சத்தம் வரும். மனிதர்களிடம் வரும் சத்தம் வேறு. விலா எலும்பு உடையும், அதற்காக நிறுத்தக்கூடாது. இதயம் நின்றபிறகும் சிலர் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள். அது மூச்சு இல்லை என்று தெரிந்திருந்தும் முதல்முறை என் கை தயங்கியது.

ஒரு பெரியவருக்கு நானும் இன்னொருவரும் மாறி மாறி அரை மணி நேரம் அழுத்தினோம். அவர் மனைவி கதவோரம் நின்றிருந்தார், கையில் கணவரின் மூக்குக் கண்ணாடி. அவ்வப்போது அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். பெரியவர் பிழைக்கவில்லை. இப்படிப் பிழைக்காமல் போவதுதான் அதிகம். யார், எந்த வீடு என்று உங்கள் கணவர் உங்களிடம் சொல்லக்கூடாது, விதி அப்படி. அதனால் நீங்களும் துருவிக் கேட்காதீர்கள். ‘மோசமான அழைப்பா?’ என்று மட்டும் கேளுங்கள், ஆமாம் என்றால் பக்கத்தில் இருங்கள். அழைப்பு முடிந்ததும் குழுவாக உட்கார்ந்து பேசும் வழக்கம் அந்த நிலையத்தில் இருக்கிறதா என்று சேருவதற்கு முன் அவரை விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் நானாக இருந்தால் யோசிப்பேன். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார் என்றால் மனநல ஆலோசகரிடம் போக வேண்டியதுதான். நானும் போயிருக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி. கடிதத்தை மனைவியிடம் காட்டி, “நீ எப்படிச் சம்மதித்தாய்?” என்று கேட்டேன்.

“சம்மதித்தேனா? எப்போது?” என்றாள்.

அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னாள். பயிற்சி நடக்கும் ஒரு மாலையில் நீங்களும் நிலையத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டுமாம். குழுவில் இருப்பவர்களின் வீட்டாரில் ஒருவரிடமாவது தொலைபேசி எண் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். ராத்திரி வண்டி கிளம்பிப் போனபிறகு, இன்னொரு வீட்டில் விழித்துக்கொண்டிருப்பது யாரென்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா என்றாள்.