பட்டையை இறுக்கினால் ட்ரெயிலர் ஆடாமல் போகுமா?

ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: பழைய கேட்டலினா 22 பாய்மரப் படகொன்றை வாங்கி மிட்லண்டுக்கு இழுத்துப் போனாராம், நெடுஞ்சாலை 400-இல் வேகம் 90-ஐத் தொட்டதும் ட்ரெயிலர் இடமும் வலமுமாக ஆடியிருக்கிறது, இறங்கிப் பார்த்தால் படகு நாலு விரற்கடை பின்னால் நகர்ந்திருக்கிறது. படகைக் கட்ட இன்னும் நாலு பட்டை போட்டால் சரியாகுமா?

ஆகாது. ட்ரெயிலர் ஆடுவது பெரும்பாலும் எடை இருக்கும் இடத்தால். படகும் ட்ரெயிலரும் சாமானும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் பந்தின் (வண்டியின் பின்னால் ட்ரெயிலரை மாட்டும் உருண்டை) மேல் இறங்க வேண்டும். உங்கள் படகே சுமார் 1,000 கிலோ, எல்லாம் சேர்ந்து 1,400 என்று வைத்தால் பந்தின் மேல் 140 கிலோவாவது வேண்டும். இதை அளக்கவென்றே சின்னத் தராசு விற்கிறார்கள், வாங்கி அளந்து பாருங்கள், உங்கள் வண்டியின் ஹிட்ச் எவ்வளவு தாங்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ட்ரெயிலரின் சக்கர அச்சுக்கும் பந்துக்கும் நாலரை மீட்டர் என்றால், படகு நாலு விரற்கடை பின்னால் போனதிலேயே பந்தின் மேல் 15 கிலோ குறைந்திருக்கும்.

எடையை முன்னே கொண்டுவர, முதலில் பின்புறம் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரைக் கழற்றி வண்டிக்குள் வையுங்கள். சுக்கானையும் கழற்றுங்கள். தண்ணீர்க் கேன், நங்கூரம், ஐஸ் பெட்டி எதுவும் பின்னால் வேண்டாம். அப்படியும் போதவில்லையென்றால் படகை ட்ரெயிலர் மேல் இழுத்து ஏற்றும் வின்ச் நிற்கும் தூணைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பூட்டி, படகு முழுவதையும் முன்னே ஏற்றலாம். ஆனால் தாங்குபலகைகள் படகின் அடியில் சரியாக வந்து உட்காருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கீல், அதாவது படகின் அடியில் கீழே நீளும் கனமான தகடு. உங்களுடையது மேலே மடங்கும் வார்ப்பிரும்புக் கீல் என்றால் அதுவே 250 கிலோ. படகை ஏற்றியதும் அதை ட்ரெயிலரின் கீல் பலகையில் உட்காரும்வரை இறக்கி, கேபிளைச் சற்றுத் தளர்த்திவிடுங்கள். கேபிளிலேயே தொங்கவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் அத்தனை எடையும் கேபிளிலும் கீலின் அச்சாணியிலும் இடிக்கும்.

படகு நகர்ந்ததற்கு உங்கள் பின்பட்டைகளைப் பாருங்கள். படகிலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து இறங்கினால், நீங்கள் இறுக்க இறுக்க அவைதான் படகைப் பின்னுக்கு இழுக்கும். அவை கீழும் முன்னுமாக இறங்கி ட்ரெயிலர் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். படகின் மூக்கு வின்ச் தூணின் ரப்பரில் அழுந்தி நிற்க வேண்டும், வின்ச் பட்டையை மட்டும் நம்பாமல் மூக்கு வளையத்திலிருந்து தூணுக்குத் தனியாக ஒரு சங்கிலி போடுங்கள். பிரேக் அடிக்கும்போது படகு முன்னே பாயாமலிருக்க அதே வளையத்திலிருந்து பின்னோக்கிச் சட்டத்துக்கு ஒரு பட்டை. பட்டையை இறுக்கும் ராட்செட்டை வெறிகொண்டு இறுக்காதீர்கள், படகின் ஃபைபர் நசுங்கும். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் படபடக்காது.

பாய்மரத்தை மூன்று இடத்தில் தாங்கிக் கட்டுங்கள். பின்னால் 1.5 மீட்டரோ அதற்கு மேலோ நீட்டிக்கொண்டிருந்தால் ஒன்ராறியோவில் பகலில் சிவப்புக் கொடியும் இருட்டில் சிவப்பு விளக்கும் கட்டாயம். மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டால் ட்ரெயிலருக்கே பிரேக் இருக்க வேண்டும், உங்களுடையது அந்த எல்லையில் இருப்பதால் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

கிளம்பி 15, 20 கிலோமீட்டரில் ஓரங்கட்டி எல்லாப் பட்டையையும் மறுபடி இறுக்குங்கள், புதுப் பட்டை நிச்சயம் தளர்ந்திருக்கும். வழியில் மறுபடி ஆட ஆரம்பித்தால் கார் பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டியும் பார்க்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள், ட்ரெயிலரில் மின்சார பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் லேசாக அழுத்துங்கள்.