குதிகால் மச்சம்: கணினி காட்டும் பச்சையை நம்பலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. குதிகாலில் ஒரு கறுப்பு மச்சம் ஏழெட்டு மாதமாகப் பெரிதாகிறது. பக்கத்து அழகு கிளினிக்கில் கணினியில் படம் எடுத்தார்கள், ‘ஆபத்தில்லை’ என்று பச்சை காட்டியது. லேசரில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா? – வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: லேசர் வேண்டவே வேண்டாம். அட்வான்ஸ் கட்டியிருந்தாலும் போகட்டும், விடுங்கள்.

கணினி ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகித்தான் பதில் சொல்கிறது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சுமார் 1,29,000 படங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். படத்தை வைத்துப் புற்றை இனம் காண்பதில் அது தோல் மருத்துவர்களுக்குச் சமமாக நின்றது. அதனால் கருவியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இப்படிப் பழக்கும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல். மெலனோமா என்ற கறுப்புத் தோல் புற்று நம்மவர்களுக்கு வருவது அபூர்வம். வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்றுதான் அதிகம் வரும். கணினி குறைவாகப் பார்த்துப் பழகிய இடமும் அதுதான்.

தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியை வைத்துப் பாதத்தின் ரேகைகளைப் பார்ப்பார். சாதாரண மச்சத்தில் கறுப்பு பெரும்பாலும் ரேகையின் பள்ளத்தில் ஓடும். மேட்டில் ஓடினால் சந்தேகம். சந்தேகம் இருந்தால் பயாப்ஸி, அதாவது சதையில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிப்பது. முடிவு சொல்வது அந்தச் சதைத் துண்டுதான்.

லேசர் அந்தத் துண்டையே பொசுக்கிவிடுகிறது. பரிசோதனைக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. மேலே தோல் ஆறிப்போய், உள்ளே புற்று பரவித் தொடையிடுக்கில் நெறி கட்டிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘மச்சம் எடுத்தாச்சே டாக்டர்’ என்பார்கள். என்ன பதில் சொல்வது? ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குக் கமிஷன் தரும் இடங்களில் பயாப்ஸி என்ற பேச்சே எழாது. 2020 முதல் நோய் கண்டறியும் மென்பொருளும் சட்டப்படி மருத்துவக் கருவிதான். யாரிடம் உரிமம் இருக்கிறது, யார் இயக்குகிறார்கள் என்று கிளினிக் வாசலில் வந்து கேட்பவர் யார்?

இன்னொன்று. இதைப் படித்ததும் பலர் நகத்தைப் பார்ப்பீர்கள். நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடு இருப்பது சகஜம். அம்மாவுக்கும் இருந்திருக்கும், உங்களுக்கும் இருக்கும். அதற்காக ஓட வேண்டாம். ஒரே ஒரு நகத்தில், நடுவயதுக்கு மேல், புதிதாக வந்த கோடு வேறு. அது அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு நகக்கண் தோலுக்கும் பரவினாலோ உடனே காட்டுங்கள். காலின் பெருவிரலும் கையின் கட்டைவிரலும் முக்கியம். ‘இடித்துக்கொண்ட ரத்தக்கட்டு’ என்றே பலர் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னால் நகர்ந்துபோகும், புற்றின் கறுப்பு அப்படி நகர்ந்துபோகாது.

அப்பாவை இந்த வாரமே விக்டோரியா அல்லது பௌரிங் ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பழைய போட்டோ இருந்தால் தேதியோடு காட்டுங்கள். பயாப்ஸி எடுத்தால் ரிப்போர்ட்டோடு சதைச் சீவல் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடையும், துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஒருவேளை கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்கே முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.