அந்த ‘ஏதோ’ என்னவென்று கேளுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது; அப்பா தனியாக இருக்கிறார். தினமும் இருபது வேடிக்கை வீடியோக்களாவது என் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறார். ஏணியிலிருந்து சறுக்குகிறவர், பெயின்ட் டப்பாவுக்குள் காலை விடுகிறவர், இப்படி. ஒவ்வொன்றுக்கும் கீழே நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வேறு. அதையெல்லாம் நான் கேட்பதில்லை. ஒருமுறை கை பட்டு ஓடிவிட்டது. ஏதோ கேசட்டைப் பென்சிலால் சுற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அணைத்துவிட்டேன். வேலை, குழந்தை என்று ஓடிக்கொண்டிருக்கும் எனக்கு இது பெரிய தொந்தரவு. அவர் மனம் நோகாமல் நிறுத்தச் சொல்வது எப்படி?

பதில்: நிறுத்தச் சொல்லாதீர்கள்.

இந்தப் புகார் எனக்குப் பல வருடங்களாக வருகிறது. அனுப்புகிறவர் சில கடிதங்களில் அம்மா, சில கடிதங்களில் மாமனார், சிலவற்றில் ஓய்வுபெற்ற அண்ணன். உங்கள் எரிச்சல் நியாயம்தான் என்று நான் ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டேன். ‘ஏதோ’.

ஏதோ கேசட்டா? அந்தக் கேசட்டில் யாருடைய குரல் இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? பாட்டாக இருக்கலாம். மழலையில் நீங்கள் பேசியதை அவர் பதிவு செய்து வைத்ததாக இருக்கலாம். உங்கள் அம்மாவின் குரலாகவும் இருக்கலாம். அவர் அதைச் சொல்லும் இடத்துக்கு வருவதற்குள் நீங்கள் அணைத்துவிட்டீர்கள்.

பென்சில் சமாச்சாரம் என்ன என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள். 1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட்டின் இரண்டு சக்கரங்களிலும் ஆறாறு பற்கள் உண்டு. அறுகோணப் பென்சிலை உள்ளே விட்டால் அதன் விளிம்புகள் அந்தப் பற்களைப் பிடித்துக்கொள்ளும். டேப் ரெக்கார்டரில் நாடாவைச் சுருட்ட வேண்டிய சக்கரம் சரியாகச் சுழலாமல் போனால், நாடா போய் ரப்பர் உருளையில் சுற்றிக்கொள்ளும். 4 மில்லிமீட்டர்கூட அகலம் இல்லாத நாடா அது. கொஞ்சம் வேகமாக இழுத்தால் நீண்டுபோகும், இல்லையென்றால் அறுந்துபோகும். அதை மெதுவாக எடுத்து, முறுக்கு இருந்தால் பிரித்துவிட்டு, பென்சிலைத் திருகித் திருகி உள்ளே அனுப்ப வேண்டும். முறுக்கோடு சுற்றிவிட்டால் அந்த இடம் வரும்போது சத்தம் மங்கும். பொறுமையுள்ள கை இருந்தால்தான் நடக்கிற வேலை. அந்தக் கை உங்கள் அப்பாவுடையது. அதைப் பற்றித்தான் அவர் உங்களிடம் பேச வந்தார்.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவை நாம் கேட்டால், அனுப்பியவரின் போனில் அந்தச் சின்ன மைக் படம் நீலமாக மாறும். கேட்காவிட்டால் மாறாது. நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்களாலும் இதை மறைக்க முடியாது. ஆக, நீங்கள் கேட்பதில்லை என்பது அவருடைய போனிலேயே தெரியும். தெரிந்தும் மறுநாள் அனுப்புகிறார். மனம் நோகாமல் சொல்வது எப்படி என்று இப்போது கேட்கிறீர்களே!

வீடியோக்கள்தான் தொந்தரவு என்கிறீர்கள். அவற்றில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். சிரிக்க வைக்கும் வீடியோக்களில் பாதி, யாரோ ஒரு வேலையைத் தப்பாகச் செய்வதுதான். ஏணியைச் சாய்க்காமல் ஏறக்குறைய நேராக நிறுத்துகிறான், அது பின்னால் சாய்கிறது. தண்ணீர் வரும் குழாயை அடைக்காமலேயே கழற்றுகிறான், முகத்தில் பீய்ச்சி அடிக்கிறது. வேலை தெரியாத நாம் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். வேலை தெரிந்தவருக்குச் சிரிப்போடு சேர்ந்து கையும் துறுதுறுக்கும். “நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி ஏணிக்காலைத் தள்ளி வைக்கணும்டா” என்று வாய் தானாகச் சொல்லும். அதை யாரிடம் சொல்வார்? முன்பெல்லாம் பக்கத்தில் உங்கள் அம்மா இருந்தார்.

வெறுமனே “உங்கள் சின்ன வயசைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் பெரியவர்களுக்குச் சட்டென்று எதுவும் வராது. கண்ணில் ஏதாவது பட வேண்டும். குரங்குப் பெடல் போட்டு விழும் பையனைக் கண்டால், தான் விழுந்த நாள், காயம், வாங்கிய அடி எல்லாம் வரிசையாக வந்துவிடும். பத்து வயது முதல் முப்பது வயது வரை நடந்தவைதான் முதுமையில் அதிகமாக நினைவுக்கு வரும் என்று நினைவாற்றலை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நீங்கள் பிறக்காத, அல்லது கைக்குழந்தையாக இருந்த காலம் அது. அவரைத் தவிர அதை உங்களுக்குச் சொல்ல இனி யார் இருக்கிறார்கள்?

என் மாமியார் ஒருநாள், பாட்டில் மூடியோடு ஒருவன் மல்லுக்கட்டும் வீடியோவைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் எழுந்துபோய், எங்கள் வீட்டில் திறக்காமல் கிடந்த ஒரு பாட்டிலின் மூடியை மட்டும் வெந்நீரில் அமிழ்த்திவைத்துத் திறந்து காட்டினார். சூட்டில் கண்ணாடியைவிட உலோக மூடி அதிகமாக விரியும், அதனால் இளகும். பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவருக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எதையும் கேட்டதில்லை. இன்றும் எனக்கு அது வெட்கம்தான்.

பெற்றவர்களுக்குப் பணம் அனுப்புவதையும் மருந்து வாங்கித் தருவதையும் கடமை என்று ஒப்புக்கொள்கிறோம். அவர்கள் பேசுவதைக் கேட்பதும் அதே கணக்கில்தான் சேரும். நேரம் கிடைத்தால் செய்கிற உபகாரமாக அதை நான் ஒருபோதும் நினைத்ததில்லை. உங்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தபோது, ஒரே கேள்வியை நீங்கள் இருபது தடவை கேட்டிருப்பீர்கள். அவர் எத்தனை தடவை அணைத்துவிட்டுப் போனார்?

நள்ளிரவில் போன் அடித்தால், இரவில் வேண்டாம் அப்பா என்று நேராகச் சொல்லுங்கள், அது ஒன்றும் தப்பில்லை. இருபது வீடியோவையும் பார்க்க வேண்டியதும் இல்லை. குரல் பதிவுகளைக் கேளுங்கள். அவை தானாகவே உங்கள் போனில் இறங்கியிருக்கும். இடம் போதவில்லை என்று வாட்ஸ்அப் உரையாடலை மொத்தமாக அழிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். வேகத்தைக் கூட்டி ஓடவிடாதீர்கள், அவர் பேசும் வேகத்திலேயே கேளுங்கள்.

முதலில் அந்தப் பென்சில் பதிவைத் தேடி எடுங்கள். முடியும் வரை கேட்டுவிட்டு, வீடியோவுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டு முடித்துவிடாமல் அவரை போனில் கூப்பிடுங்கள். நாடா அறுந்தேபோனால் செலோடேப்பை அதன் எந்தப் பக்கத்தில் ஒட்டுவார் என்று கேளுங்கள். ஒரு பக்கம்தான் சரி, அவருக்குத் தெரிந்திருக்கும். ஸ்பீக்கரில் போட்டு, உங்கள் குழந்தையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.