டைஃபூன் ஸ்குவாட்ரனின் அன்றாடம்: கேள்வி பதில்

1944-இல் பிரான்ஸில் நடந்த நார்மண்டிப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் டைஃபூன் ஸ்குவாட்ரன்கள் (டைஃபூன் என்ற போர்விமானங்களைக் கொண்ட படைப்பிரிவுகள்) தினமும் எப்படி இயங்கின என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: காலையில் முதல் வேலை என்ன?

பதில்: எஞ்சினைக் கிளப்புவதே பெரிய வேலைதான். டைஃபூனின் நேப்பியர் சேபர் எஞ்சினில் 24 சிலிண்டர்கள். வெடிமருந்துத் தோட்டா ஒன்றை வெடிக்கவைத்துத்தான் அதைச் சுழலவைப்பார்கள். பெட்ரோல் கூடுதலாகப் போனால் தீப்பிடிக்கும்; அதனால் தீயணைப்பானோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்பார். விமானி தரையிலேயே ஆக்சிஜன் முகமூடியை மாட்டிவிடுவார், ஏனென்றால் காக்பிட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு கசியும்.

கேள்வி: போர்முனையில் ஓடுதளத்துக்கு எங்கே போனார்கள்?

பதில்: வயலைச் சமன்செய்து, மேலே இரும்புக் கம்பி வலை விரித்தார்கள். அவ்வளவுதான். காய்ந்த மண் மாவாகக் கிளம்பி எஞ்சின்களைத் தின்றது. அவசர அவசரமாகக் காற்று வடிகட்டி பொருத்த வேண்டியிருந்தது.

கேள்வி: எதைத் தாக்குவது என்று யார் சொல்வார்கள்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஸ்குவாட்ரன் தளத்தில் தரைப்படையின் தொடர்பு அதிகாரி ஒருவர் இருப்பார். வரைபடத்தில் 'குண்டுக்கோடு' எங்கே ஓடுகிறது என்று விமானிகளுக்குக் காட்டுவது அவர் வேலை. கோட்டுக்கு அப்பால் எதிரி என்று தெரிந்தால் தாக்கலாம். இப்பால் என்றால், தரையிலிருந்து உத்தரவு வேண்டும்.

சில சமயம் நான்கைந்து விமானங்கள் முன்னணிக்கு மேலேயே வட்டமிட்டுக் காத்திருக்கும். இதை 'கேப் ரேங்க்' என்றார்கள், அதாவது டாக்ஸி ஸ்டாண்ட். படையோடு கவச வண்டியில் போகும் கட்டுப்பாட்டாளர் ரேடியோவில் இலக்கைச் சொல்வார். பீரங்கிப்படை அங்கே வண்ணப் புகைக் குண்டு போடும். புகையைப் பார்த்து விமானங்கள் பாயும்.

கேள்வி: ராக்கெட்டுகள் நிறைய டாங்கிகளை அழித்தனவா?

பதில்: நினைப்பதைவிட மிகக் குறைவு. ஒரு டைஃபூனில் எட்டு ராக்கெட்டுகள். சுடும் நொடியில் விமானம் லேசாகச் சறுக்கினாலும் ராக்கெட் வேறெங்கோ போய்விடும். ஆகஸ்ட் 7 அன்று நார்மண்டியின் மோர்டேன் ஊரருகே ஜெர்மன் டாங்கிகளை டைஃபூன்கள் தாக்கிய பிறகு ஆய்வாளர்கள் களத்துக்கே போய் சிதைந்த வண்டிகளைப் பரிசோதித்தார்கள். விமானிகள் சொன்ன எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட அவர்கள் கண்ட எண்ணிக்கை வரவில்லை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: சேதமே இல்லாத டாங்கிகளையும் ஜெர்மானியர்கள் விட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். எரிபொருள் லாரிகள் எரிந்த பிறகு டாங்கி இருந்தும் பயனில்லை. டைஃபூனின் உண்மையான சாதனையை நான் அங்கேதான் பார்க்கிறேன்.

கேள்வி: வானச் சண்டையில்தான் அதிகம் இறந்தார்களா?

பதில்: இல்லை, தரையிலிருந்து சுட்ட விமான எதிர்ப்புப் பீரங்கிகளால். சேபர் திரவத்தால் குளிரூட்டப்படும் எஞ்சின். மூக்குக்கு அடியில் இருக்கும் ரேடியேட்டரில் ஒரு குண்டு பட்டாலே சில நிமிடங்களில் எஞ்சின் நின்றுவிடும். அமெரிக்கர்களின் தண்டர்போல்ட் போர்விமானத்துக்குக் காற்றே குளிரூட்டி என்பதால் அது அடி தாங்கும். அதே இலக்குக்கு மறுபடி திரும்பி வராதே என்று அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

கேள்வி: சொந்தப் படையையே தாக்கியதுண்டா?

பதில்: உண்டு. 1944 ஆகஸ்ட் 27 அன்று பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகத்தை ஒட்டிய கடற்பகுதியில் பிரிட்டிஷ் கண்ணிவாரிக் கப்பல்களை (கடலில் கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல்கள்) டைஃபூன்கள் தாக்கின. பிரிட்டோமார்ட், ஹுஸ்ஸார் இரண்டும் மூழ்கின. நூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். நம் கப்பல்கள்போல் தெரிகிறதே என்று விமானிகளின் தலைவர் ரேடியோவில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். கப்பல்கள் அங்கே இருக்கும் தகவல் உத்தரவு போட்டவர்களுக்கு வந்து சேரவே இல்லை.