ஆத்தாவின் பெயர் எங்கே?

வணக்கம் அக்கா,

நான் கேரள எல்லையில் இருக்கிற கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காட்டு நண்பன் ஒருவனோடு சேர்ந்து போன மாதம் ஒரு ஹிப் ஹாப் சிங்கிள் வெளியிட்டேன். என் ராப் பகுதி, அதாவது வெர்ஸ், நம்மூர்த் தமிழில், அவனுடையது மலையாளத்தில். பீட் போட்டது கோயம்புத்தூர்ப் பையன். பக்கத்து வீட்டு ஆத்தா பாடிய நடவுப் பாட்டை போனில் பதிந்து, திரும்பத் திரும்ப வரும் ஹூக்காக வைத்தோம். ரீல்ஸ் போடுகிறவர்கள் எல்லாம் அந்த ஹூக்கைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் கமெண்டில் தமிழ்நாட்டுக்காரர்கள் "இது என்ன மலையாளத் தமிழ்" என்கிறார்கள். இந்தக் கேரளப் பக்கத்துக்காரர்கள், தமிழர்களைக் கேலியாகச் சொல்லும் வார்த்தையில், "பாண்டிப் பாட்டு" என்கிறார்கள். மனசு விட்டுப்போச்சு. அடுத்த பாட்டைச் சென்னைத் தமிழில் எழுதலாமா, இல்லை முழுக்க மலையாளத்துக்கே போய்விடலாமா? இணைப்பு அனுப்பியிருக்கிறேன்.

ச.

அன்புள்ள தம்பி,

பாட்டை மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆளியாறு தண்ணீர் எப்போது வரும் என்று வாய்க்காலைப் பார்த்து நிற்கும் உங்கள் அப்பாவும், வேலந்தாவளம் செக்போஸ்டில் வரிசை கட்டும் லாரிகளும் அந்த வெர்ஸில் அப்படியே இருக்கிறார்கள். நம்ம பக்கத்தை இவ்வளவு நேராக எழுதிக் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது.

கமெண்ட்காரர்களை விடுங்கள். சித்தூர் தாலுகாவில் தலைமுறை தலைமுறையாகப் பேசுகிற தமிழ் அது, அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நம்ம சித்தூர்ப்புழைத் தண்ணீர் பாரதப்புழையில் கலந்து பொன்னானியில்தான் கடலுக்குப் போகிறது. அதே பொன்னானியில் மரணக் கிணறு ஓட்டுகிறவர்களை வைத்து வீடியோ எடுத்து, ராப் பாடகர் ஹனுமான்கைண்ட் 2024இல் 'பிக் டாக்ஸ்' பாட்டை ஆங்கிலத்தில் பாடினார். உலகம் முழுக்கக் கேட்டார்கள். அந்தப் பாட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். இசை செய்த கல்மியின் பெயர், பாடியவரின் பெயருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

இப்போது நான் கோபப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். யூடியூபில் பாட்டின் கீழே நீங்கள் எழுதியிருப்பதை முழுக்கப் படித்தேன். உங்கள் பெயர், நண்பனின் பெயர், பீட், மிக்ஸிங், மாஸ்டரிங், கேமரா, எடிட்டிங், போஸ்டர் டிசைன் எல்லாம் இருக்கிறது. புல்லட் கொடுத்து உதவியவருக்கு நன்றிகூட இருக்கிறது. ஹூக்குக்கு நேராக மட்டும் "பழைய நடவுப் பாட்டு" என்று போட்டிருக்கிறீர்கள். பழைய நடவுப் பாட்டு தானாகப் பாடிக்கொண்டதா தம்பி? ரெண்டாவது வரியில் மூச்சு வாங்கி, குரலை மேலே ஏற்றி, "ஏலேலோ"வை இழுத்து நிறுத்துகிறாரே, அதைச் செய்தது யார்? அந்தக் குரலை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நல்ல வெர்ஸ் ரெண்டு, அவ்வளவுதான். ஊரே அவரைத்தான் பாடுகிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்புறமும் உங்களுக்குத் தோன்றவில்லை.

என் பெரியம்மா நடவுக்குப் போனால் அவர்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பின்பாட்டு. அவர் இல்லாத வயலில் பெண்கள் வேலையை இழுத்தடிப்பார்கள் என்று பண்ணையக்காரர்கள் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் டேப் ரெக்கார்டரோடு சிலர் வந்து, அவரை வரப்பில் உட்காரவைத்து மத்தியானம் வரைக்கும் பாடச் சொல்லிப் பதிந்துகொண்டு போனார்கள். ரேடியோவில் எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்று கடிதமும் போட்டார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் தெருவே கூடியிருந்தது. பெரியம்மா தலைசீவி, நல்ல சேலை கட்டி வந்து உட்கார்ந்திருந்தார். பாட்டு வந்தது, குரல் வந்தது. முடிந்ததும் தொகுத்து அளித்தவரின் பெயரைச் சொன்னார்கள். அடுத்த நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. "என் பேரு பின்னால வருமா?" என்று அவர் கேட்டதற்கு எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

"பாட்டை அவர் எழுதவில்லையே, ஊர்ப் பொதுப் பாட்டுதானே" என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். எழுதியவர் வேறு, பாடியவர் வேறு. காப்புரிமைச் சட்டம் நிகழ்த்துபவர் என்று யாரையெல்லாம் சொல்கிறது தெரியுமா? நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரைக்கும். 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு, நிகழ்த்தியவர் இவர்தான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைக் கொடுக்கிறது. வியாபாரமானால் பங்கு கேட்கவும் இடம் இருக்கிறது. போனில் பதிந்த நாளில் இதையெல்லாம் ஆத்தாவிடம் சொன்னீர்களா? "சும்மா பாடுங்க ஆத்தா" என்றுதானே சொல்லியிருப்பீர்கள்?

2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' உங்களுக்குத் தெரியாததில்லை. பாடகி தீ, ராப் பாடகர் அறிவு, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், மூன்று பேர் பெயரும் தொடக்கத்திலேயே இருந்த பாட்டு. அதே வருடம் ஆகஸ்டில் ஒரு பத்திரிகை அட்டையில் அறிவு இல்லை என்று இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியது. யார் என்ன செய்தார்கள் என்று அவர்களே ஆளுக்கொரு விளக்கம் எழுத வேண்டி வந்தது. 2024இல் சந்தோஷ் நாராயணன் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்றார். பெயர் போட்ட, ஊரறிந்த கலைஞர்களுக்கே இந்தப் பாடு. அறிவுக்காகக் கேட்க ரஞ்சித் இருந்தார். உங்கள் பக்கத்து வீட்டு ஆத்தாவுக்காக யார் கேட்பார்கள்?

காசு வரவில்லை என்று சொல்லாதீர்கள். பெயர் போடக் காசு வேண்டாம். இன்றைக்கே ஆத்தா வீட்டுக்குப் போங்கள். பெயரை எப்படிப் போட வேண்டும், வீட்டுப் பெயரா, கூப்பிடு பெயரா என்று அவரிடமே கேளுங்கள். பாட்டை முழுசாகப் போட்டுக் காட்டுங்கள். பாடியவர்கள் வரிசையில் உங்கள் ரெண்டு பேரோடு மூன்றாவதாக அவரையும் சேருங்கள், கீழே நன்றியில் அல்ல. மற்ற தளங்களிலும் மாற்றச் சொல்லி எழுதுங்கள். வருமானம் வந்தால் அவருக்கு எவ்வளவு என்று மூன்று பேரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம்மூர்த் தமிழிலேயே எழுதுங்கள், சரியா. திருத்தியதும் இணைப்பை எனக்கு அனுப்புங்கள். மூன்று பேர் பெயரோடும் இதே தளத்தில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா