அப்பம்மாவின் செபமாலையும் பேரப்பிள்ளைகளும்

கேள்வி: மாமி எங்களோடு இருக்கிறார். இரவு ஏழரைக்கு முழுச் செபமாலையும் முழங்காலில் இருந்து சொல்ல வேண்டும் என்பார். 6 வயது மகன் நடுவில் தூங்கி விழுகிறான். 13 வயது மகள் ரியூசனால் களைத்து வந்து மறுக்கிறாள். மாமி “கடவுள் தண்டிப்பார்” என்கிறார். செபம் சண்டையில் முடிகிறது.
— ஒரு தாய், உவர்மலை

பதில்: செபமாலையில் பத்துப் பத்து மணியாக உள்ள ஐந்து பகுதிகளும் பிரார்த்தனையும் முடிய இருபது, இருபத்தைந்து நிமிடமாகும். ஆறு வயதுக்கு அது தாங்காது. அதைப் பக்திக் குறைவென்று எண்ண வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் சேர்ந்து அதில் ஒரு பகுதி மட்டும் சொல்லுங்கள். நான்கைந்து நிமிடம் போதும். யாருக்காகச் செபிக்கிறோம் என்பதை மகன் சொல்லட்டும்: காய்ச்சலில் கிடக்கும் அயல்வீட்டுப் பிள்ளை, கடலுக்குப் போன மாமா. மணியை உருட்டி எண்ணுவதும் அவன் வேலை. மீதி நான்கையும் மாமி விரும்பியவர்களோடு தொடரலாம். ஒரு வாரம் அவன் ஒழுங்காக இருந்துவிட்டான் என்று உடனே இரண்டாக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அங்கேதான் குழம்புகிறது. புதுநன்மைக்கு (முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு) ஆயத்தமாகும் காலத்தில் கூட்டலாம்.

மகளை நாள்தோறும் இழுக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் பைபிள் வாசகத்தைத் தெரிவுசெய்து வாசித்துச் செபத்தை அவளே நடத்தட்டும். அன்று யாரும் இடையில் திருத்தக் கூடாது.

“கடவுள் தண்டிப்பார்” என்ற பேச்சு நிற்கத்தான் வேண்டும். அதைக் கேட்டு வளரும் பிள்ளை காய்ச்சல் வந்தாலும் தண்டனை என்று நினைக்கும்; பிழையை ஒளிக்கப் பழகும். “நீ அடித்தது தம்பிக்கு நோகும், போய் மன்னிப்புக் கேள்” என்பது போதும். இதை மாமியிடம் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர், அதுவும் பிள்ளைகள் இல்லாத நேரத்தில். நீங்கள் சொன்னால் மருமகளின் குறையாகத்தான் காதில் விழும். பிள்ளைகளுக்கு எரிச்சலூட்ட வேண்டாம் என்று எபேசியர் 6:4 சொல்வதும் தந்தையரிடம்தான்.

ஆனால் மாமியை ஓரங்கட்டிவிடாதீர்கள். இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் எப்படிச் செபித்தார், எப்போது செபிக்கவே முடியாமல் போனது என்று அவர் மகளிடம் சொல்லட்டும். பதின்ம வயதுப் பிள்ளை போதனையைவிட அந்த உண்மையைத்தான் மதிக்கும். மகனுக்கு மரணக் காட்சிகள் வேண்டாம். திமொத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதிய பவுல், பாட்டி லோயியோடு தாய் யூனிக்கியையும் சேர்த்தே சொல்கிறார் (2 திமொத்தேயு 1:5). பாட்டியின் விசுவாசம் தாயைத் தாண்டிப் பேரனிடம் போகவில்லை. உங்கள் வீட்டிலும் ஒழுங்கை நீங்கள் இருவரும் வையுங்கள்; மாமி அதற்குள் நின்று தன் விசுவாசத்தைக் கொடுக்கட்டும்.

கேள்வி: பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவில். தமிழ் குறைவு. நான் எப்படிச் செபம் சொல்லிக் கொடுப்பது?
— ஒரு அம்மப்பா, பாலையூற்று

பதில்: சனிக்கிழமை இரவு ஏழரைக்கு வீடியோ அழைப்பு எடுங்கள். அங்கே கோடையில் காலை பத்து மணி, குளிர்காலத்தில் ஒன்பது. முதலில் மகளிடம் கேட்டு நேரத்தை உறுதிப்படுத்துங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சிலுவை அடையாளத்தில் தொடங்குங்கள். கை அசைவைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு வாரம் ஒரு வரி. அந்த வரியை மெதுவாகச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பினால் இடையில் கேட்டுப் பழகுவார்கள். உச்சரிப்பை அழைப்பில் திருத்த வேண்டாம், பள்ளிக்கூடப் புள்ளிகளை விசாரிக்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் அடுத்த வாரம் போனுக்கு வரமாட்டார்கள். ஜூலை 26 இயேசுவின் பாட்டன் பாட்டியான சுவக்கின், அன்னா திருநாள். அன்றைக்குப் பிள்ளைகள் உங்களுக்குச் சொல்லிக் காட்ட ஒரு முழுச் செபத்தை இப்போதே தெரிவுசெய்து வையுங்கள்.